ஏற்றுமதி மேம்பாட்டுக்கு அரசு செலவிடும் பணம் எங்கே போய்ச் சேர்கிறது? வத்தளை வாசகிக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம்

வத்தளையில் வசிக்கும் 41 வயதுடைய வாசகி ஒருவர் நான்கு பக்கங்களில் தமது நிலையை எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித் தருகிறேன். கணவர் காலமான பின் அவர் வீட்டின் பின்புறத்தில் தொடங்கிய தொழிலில் இன்று 11 பேர் வேலை செய்கிறார்கள். காலிப் பக்கத்திலிருந்து கறுவாவும் மாத்தளையிலிருந்து மிளகும் வருவித்து, சுத்தம் செய்து, கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, கொழும்புக் கடைகளுக்குக் கொடுக்கிறார். ரொறொன்ரோவில் கடை வைத்திருக்கும் மைத்துனர் ஒருவருக்கும் வருடத்தில் இரண்டு மூன்று தடவை அனுப்புகிறார்.

ஜேர்மனியின் கொலோன் நகரில் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை நடைபெறும் அனுகா உணவுக் கண்காட்சியில், இலங்கைக்கென ஒதுக்கப்படும் பகுதியில் அவருக்கு ஓர் இடம் கிடைக்கலாம் என்றும், இடத்துக்கான கட்டணத்தில் பாதியை அரச நிறுவனமொன்று ஏற்கும் என்றும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சென்ற தடவையும் விண்ணப்பித்தார். காரணம் எதுவும் சொல்லாமல் நிராகரித்துவிட்டார்கள். மீதிச் செலவுக்கும் மாதிரிப் பொதிகளுக்குமாக 20 இலட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. அதற்கு வங்கி கேட்பது தாயாரின் வெள்ளவத்தை வீட்டு உறுதியை. கணக்காளரான அத்தானோ, “அவங்கள் ஊர் சுத்திப் பாக்கிறதுக்கு எங்கட வரிக்காசு” என்று சொல்லி, 2022இல் 13.1 பில்லியன் டொலராக இருந்த பொருள் ஏற்றுமதி 2023இல் 11.9 பில்லியனாக இறங்கியதாகப் பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

வாசகி கேட்பவை நான்கு. அரசின் இந்தச் செலவு உண்மையில் வீணா? இறக்குமதி, ஏற்றுமதிப் பொருட்கள் சிலவற்றின்மேல் விதிக்கப்படும் செஸ் வரியைக் கட்டுகிறவர் என்ற முறையில் உதவி பெறுவது தமது உரிமையா? கிலோவுக்கு இவ்வளவு என்று அரசு நேரடியாகப் பணம் தரக் கூடாதா? உறுதியை அடகு வைக்கலாமா?

அன்புள்ள சகோதரி,

முதல் மூன்று கேள்விகளும் நாட்டைப் பற்றியவை, நான்காவது உங்கள் தாயாரின் வீட்டைப் பற்றியது. நீங்கள் அவற்றை ஒரே கடிதத்தில் எழுதியது சரியென்றே எனக்குப் படுகிறது. ஏற்றுமதி மேம்பாட்டுச் செலவால் ஒரு வியாபாரிக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது தெளிவானால்தான், அதன்மேல் எவ்வளவு சொந்தப் பணத்தை வைக்கலாம் என்று தீர்மானிக்க முடியும். வர்த்தகச் சட்டத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறவன் என்ற முறையில், சட்டத்தையும் அதற்கு வெளியே கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அத்தானின் கணக்கு

உங்கள் அத்தான் காட்டிய எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் அவசரப்பட்டது. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் ஏற்றுமதி சுமார் 10 பில்லியன் டொலருக்கு இறங்கியது, 2021இல் 12.5 பில்லியனாக ஏறியது, 2022இல் 13.1 பில்லியனைத் தொட்டது, 2023இல் இறங்கி 2024இல் மீண்டும் 12.8 பில்லியனை எட்டியது. இந்த ஏற்ற இறக்கங்களுக்கு ஏதாவதொரு நாட்டில் நாம் கண்காட்சி போட்டதோ போடாததோ காரணமல்ல. நமது பொருள் ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 சதவீதம் ஆடைகள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் உடுப்பு வாங்குவதைக் குறைத்தால் நமது மொத்தக் கணக்கு சரிகிறது. அவர்கள் மீண்டும் வாங்கினால் நிமிர்கிறது. அந்த ஆடைக் கம்பனிகளுக்குத் தங்கள் கொள்வனவாளர்களோடு பல வருடத் தொடர்பு உண்டு. அவர்களுக்கு அரசின் கண்காட்சி உதவி தேவைப்படுவதே குறைவு.

ஆகவே மொத்த ஏற்றுமதி கூடியதா குறைந்ததா என்று பார்த்து இந்தச் செலவை மதிப்பிடுவது, ஊரில் மழை பெய்ததா இல்லையா என்று பார்த்து ஒரு வீட்டுக் கிணற்றின் ஆழத்தைச் சொல்வது போன்றது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரே அளவான, ஒரே பொருளை விற்கும் இரண்டு நிறுவனங்களில் ஒன்றுக்கு உதவி கிடைத்து மற்றதற்குக் கிடைக்காதபோது, இரண்டுக்கும் இடையில் பின்னர் என்ன வேறுபாடு தெரிந்தது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். அவற்றின் முடிவுகள் உங்கள் அத்தானின் கட்சிக்கும் முழுமையாகச் சாயவில்லை, உதவி கொடுக்கும் நிறுவனங்களின் கட்சிக்கும் சாயவில்லை.

1990களின் தொடக்கத்தில் உலக வங்கி வட்டாரத்திலேயே இந்த நிறுவனங்களைப் பற்றி நம்பிக்கையீனம் நிலவியது. வெளிநாட்டு வியாபாரத்தை அறியாத அதிகாரிகள் நடத்துகிறார்கள், நாட்டின் வரிக் கொள்கையே ஏற்றுமதிக்கு எதிராக இருக்கும்போது இவர்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள். 2000களில் பல நாடுகளின் தரவுகளை வைத்து அதே வங்கியின் ஆய்வாளர்கள் மீண்டும் பார்த்தபோது, சராசரியாக இந்தச் செலவு பயன் தருகிறது என்று கண்டார்கள். ஆனால் மேம்பாட்டு நிறுவனமொன்றின் செலவை 10 சதவீதம் கூட்டினால் ஏற்றுமதி கூடுவது 1 சதவீதத்துக்கும் குறைவாகவே. இத்தகைய நிறுவனங்களின் வரவு செலவு பொதுவாக நாட்டின் ஏற்றுமதியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், செலவிடும் ஒவ்வொரு டொலருக்கும் கிடைக்கும் பலன் பெரிதாகத் தெரியும். நாட்டு மொத்தத்தில் அது சிறிதாகவே இருக்கும். தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் பலன் அதே வேகத்தில் கூடுவதுமில்லை. பணம் அரசிடமிருந்து வர, நிர்வாக சபையில் வியாபாரம் தெரிந்த தனியார் துறையினர் அதிகமாக இருக்கும் அமைப்பு நன்றாக வேலை செய்கிறது என்றும், பல சிறு அமைப்புகள் ஒரே வேலையைப் பங்குபோட்டால் பலன் குறைகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். ஏற்றுமதி அபிவிருத்திச் சபை, வர்த்தகத் திணைக்களம், தேயிலைச் சபை, தெங்கு அபிவிருத்தி அதிகாரசபை, பனை அபிவிருத்திச் சபை என்று நீளும் நமது பட்டியலை வைத்து அந்தக் கடைசி முடிவை நாம் யோசிக்க வேண்டும்.

உங்களுக்கு நெருக்கமானது பெரு நாட்டு ஆய்வு. அங்கு அரச உதவி பெற்ற நிறுவனங்கள் புதிய நாடுகளுக்கும் புதிய பொருட்களிலும் நுழைந்தன; ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த இடத்தில் அவற்றின் விற்பனை அந்த உதவியால் குறிப்பிடத்தக்கதாகக் கூடவில்லை. கொலம்பியாவில் ஆலோசனை, கொள்வனவாளர் சந்திப்பு, கண்காட்சி என்று தொடராக உதவி பெற்றவர்கள், ஏதாவதொன்றை மட்டும் பெற்றவர்களைவிட முன்னே போனார்கள். சிலியில் சிறு நிறுவனங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பியதால் அவை நிலையான ஏற்றுமதியாளராகவில்லை. ஒரே துறையினர் குழுவாகச் சேர்ந்து சந்தையை ஆராய்ந்து செயற்பட்ட திட்டந்தான் அதைச் செய்தது. துனீசியாவில், உங்களுக்குச் சொல்லப்பட்டது போலவே, செலவில் பாதியை ஏற்கும் திட்டமொன்று இருந்தது. பணம் பெற்ற நிறுவனங்களின் ஏற்றுமதி முதலில் விரைந்து கூடியது. மூன்று வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, பெறாத நிறுவனங்களுக்கும் அவற்றுக்கும் ஏற்றுமதி அளவில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. அதிகமான நாடுகளுக்கும் அதிகமான பொருட்களிலும் பரவியிருந்தது மட்டுமே நிலைத்தது.

ஆக, இந்தச் செலவு வீணல்ல. அது ஒரு கதவைத் திறந்துவிடும். உள்ளே போனவர் அங்கு நிலைப்பது அவரது பொருளையும் விலையையும் பின்தொடரும் பொறுமையையும் பொறுத்தது.

அரசு ஏன் செலவிட வேண்டும்

ஒரு வியாபாரி தன் செலவில் ஜேர்மனியில் கறுவாவுக்குச் சந்தை கண்டுபிடித்தால், அடுத்த மாதமே அவருடைய போட்டியாளர் அதே கொள்வனவாளரின் கதவைத் தட்டலாம். தேடியவருக்குச் செலவு, பின்னால் வந்தவருக்கு இலவசம். அப்படியானால் யாரும் முதலில் தேட மாட்டார்கள். அரசின் பணத்துக்கு நியாயம் இங்கேதான் பிறக்கிறது.

உங்கள் பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சந்தையில் கறுவா என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி கசியா என்னும் வேறு இனம். தடித்தது, மலிவானது, அளவு மீறினால் ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்ற பொருள் அதிகமுள்ளது. நம்முடையது மெல்லிய தோல்களைச் சுருள் சுருளாக ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழல். அல்பா எனப்படும் உயர்ந்த தரத்தில் அது சுண்டுவிரலைவிட மெல்லியதாக இருக்கும். இந்த வேறுபாட்டை ஐரோப்பிய வாடிக்கையாளருக்குச் சொல்லிப் புரியவைப்பது எந்தத் தனி வியாபாரியாலும் முடியாத காரியம். சிலோன் கறுவா என்ற பெயருக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு, அதாவது குறித்த இடத்தில் விளைந்த பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயரை அனுமதிக்கும் பாதுகாப்பு, கிடைத்தது. இலங்கைப் பொருளொன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. பல வருடக் கோப்பு வேலை, ஆய்வுகூடப் பரிசோதனை, சட்ட ஆலோசனை எல்லாம் அதற்குப் பின்னால் இருந்தன. யாராவது என்னிடம் நல்ல ஏற்றுமதி மேம்பாட்டுச் செலவுக்கு உதாரணம் கேட்டால் நான் சொல்வது இதைத்தான். அந்தக் குறியீட்டுக்குரிய நிபந்தனைகளை நிறைவேற்றிப் பதிவு பெற்ற எந்தச் சிறு நிறுவனமும் அதைப் பயன்படுத்தலாம்.

எதிர் உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 2010இல் தேயிலை ஏற்றுமதியாளர்களிடமிருந்து கிலோவுக்கு 3.50 ரூபாய் மேம்பாட்டு அறவீடு வசூலிக்கத் தொடங்கினார்கள். நோக்கம் நல்லது: சிலோன் தேயிலையை உலகெங்கும் ஒரே குரலில் விளம்பரப்படுத்துவது. பணம் பில்லியன் கணக்கில் சேர்ந்தது. பிரசாரமோ பல வருடங்கள் தொடங்கப்படாமலே இழுபட்டது. வசூலித்த பணம் செலவிடப்படாமல் கிடக்கும்போது, அது ஏற்றுமதி மேம்பாடு என்ற பெயரில் ஏற்றுமதியாளர்மீது விழுந்த இன்னொரு வரியாகிவிடுகிறது. அத்தான் கோபப்பட வேண்டுமென்றால் இதற்குக் கோபப்படட்டும்.

ஒரு கை கொடுப்பதும் மறு கை எடுப்பதும்

செஸ் வரி பற்றிய உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையை உருவாக்கிய 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டமே செஸ் வரிக்கும் தாய்ச் சட்டம். ஏற்றுமதியை வளர்ப்பதற்கான பணத்தை அந்த வரியால் திரட்டுவது என்பது தொடக்க எண்ணம். இன்று அந்த வரி அரசின் பொது வருமானமாகவே சேர்கிறது. சபைக்குரிய பணம் வரவு செலவுத் திட்டத்தின் ஊடாக ஒதுக்கப்படுகிறது. ஆகவே “நான் கட்டிய செஸ், ஆகையால் எனக்குத் திரும்ப வேண்டும்” என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் மனம் அதை ஏற்காது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அதுவே நிலைமை.

இதைவிட முக்கியமான விடயம் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் போத்தல்களைப் புறக்கோட்டையில் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்குச் சுங்கத் தீர்வைக்கு மேலாகச் செஸ், துறைமுக மற்றும் விமான நிலைய அபிவிருத்தி அறவீடு என்றெல்லாம் ஏறும்போது, அவை முழுவதும் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லும் விலைக்குள் ஒளிந்திருக்கும். கொலோனுக்குப் போகும் போத்தலும் அந்த வரியைச் சுமந்துகொண்டுதான் போகும். இறக்குமதி வரி உள்ளூர்ச் சந்தையில் விற்பதை இலாபமாக்குகிறது. வெளிநாட்டில் விற்பதை அதே அளவுக்கு நட்டமாக்குகிறது. பொருளியலாளர்கள் இறக்குமதி வரியை ஏற்றுமதி வரி என்றே சொல்வதற்குக் காரணம் இது. 2000ஆம் ஆண்டில் நமது பொருள், சேவை ஏற்றுமதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 39 சதவீதமாக இருந்தது; 2010களில் அது ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பத்துப் பதினைந்து வருடங்களிலும் கண்காட்சிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். அதே காலத்தில் இறக்குமதிமேல் அறவீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. 2010இலிருந்து 2017 வரை நமது பொருட்களுக்கு ஐரோப்பா தரும் ஜீஎஸ்பி பிளஸ் என்னும் இறக்குமதித் தீர்வைச் சலுகையும் இல்லாமலிருந்தது. 2022 மார்ச் வரை டொலரைச் சுமார் 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்ததும் ஏற்றுமதியாளரின் கையில் சேர வேண்டிய ரூபாயைக் குறைத்தது. இவ்வளவு பெரிய தடைகளை ஒரு கண்காட்சிக் கூடத்தால் ஈடுகட்ட முடியாது.

தென் கொரியா 1962இல் கொட்ரா என்ற மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கியது என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1964இல் அந்த நாடு தன் நாணயப் பெறுமதியைப் பெருமளவு குறைத்ததையும், ஏற்றுமதிக்கான மூலப்பொருட்களை வரியில்லாமல் உள்ளே விட்டதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. வியட்நாமின் ஏற்றுமதி 2000இல் சுமார் 14 பில்லியன் டொலரிலிருந்து 2023இல் 350 பில்லியனைத் தாண்டியதும் 2007இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, வெளிநாட்டு முதலீட்டைப் பெரிய அளவில் உள்ளே எடுத்தது, வர்த்தக உடன்படிக்கைகளைச் செய்தது ஆகியவற்றால்தான். விளம்பரச் செலவு அதில் ஒரு சிறு பங்கு.

உங்களுக்கு இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. ஏற்றுமதிப் பொருளுக்கான உள்ளீடுகளைத் தீர்வையின்றிக் கொண்டுவர, சுங்கத் திணைக்களத்தின் கீழ் ‘ஏற்றுமதிப் பதனிடலுக்கான தற்காலிக இறக்குமதித் திட்டம்’ இருக்கிறது. பிணை கொடுக்க வேண்டும், எத்தனை போத்தல் வந்தது எத்தனை போனது என்று கணக்குக் காட்ட வேண்டும். புறக்கோட்டையில் சில்லறையாக வாங்குகிறவருக்கு அது உதவாது. ஆனால் உங்களைப் போன்ற நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கொள்கலன் போத்தல் தருவிக்க முடியுமானால், அதற்குச் சட்டப்படி என்ன வடிவம் கொடுக்கலாம் என்று சுங்கத் தரகர் ஒருவரிடம் கேளுங்கள். அதனால் உங்களுக்குக் கிடைக்கும் மிச்சம், பாதிக் கண்காட்சிக் கட்டணத்தைவிடப் பெரிதாகவும் வருடா வருடம் தொடர்வதாகவும் இருக்கக்கூடும்.

கிலோவுக்கு இவ்வளவு என்று ஏன் தருவதில்லை

ஏற்றுமதி செய்த அளவைப் பொறுத்து அரசு பணம் கொடுப்பதை உலக வர்த்தக அமைப்பின் மானிய உடன்படிக்கை பொதுவாகத் தடை செய்கிறது. வருமானம் குறைந்த நாடுகளுக்குச் சில விலக்குகள் உண்டு. அவையும் நிரந்தரமானவை அல்ல. இந்தியா அப்படிக் கொடுத்த பல சலுகைகளை அமெரிக்கா கேள்விக்குட்படுத்தியபோது, 2019இல் அவை உடன்படிக்கைக்கு முரணானவை என்று தீர்ப்பாயம் சொன்னது. வாங்கும் நாடு அத்தகைய மானியத்தை ஈடுசெய்ய எதிரீட்டுத் தீர்வை என்ற மேலதிக இறக்குமதி வரியும் விதிக்கலாம்; அப்போது இங்கே கிடைத்தது அங்கே போய்விடும். சந்தைத் தகவல், பயிற்சி, கண்காட்சியில் இடம் போன்ற பொதுவான உதவிகள் பெரும்பாலும் அந்தத் தடைக்குள் வருவதில்லை. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், கிலோக் கணக்கில் கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு ஏற்கெனவே அதிகம் அனுப்புகிறவர்களுக்கே போகும். வருடத்தில் மூன்று பொதி அனுப்பும் உங்களுக்கு அதில் என்ன மிஞ்சும்?

உங்கள் உரிமை

இந்த உதவி ஒரு சலுகை. கட்டாயம் தர வேண்டுமென்று எந்த நீதிமன்றிலும் கேட்க முடியாது. ஆனால் சலுகையை யாருக்குக் கொடுப்பது என்று அரசு நிறுவனம் தன் விருப்பப்படி தீர்மானிக்கவும் முடியாது. சென்ற தடவை உங்களை விட்டுவிட்டு, அதே பொருளை விற்கும் வேறொரு நிறுவனத்தை மூன்றாவது தடவையாக அனுப்பினார்கள் என்றும், நீங்கள் தமிழர் என்பதாலோ, பெண் என்பதாலோ, ஆள் செல்வாக்கு இல்லாததாலோ என்று மனம் குமைந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வேதனையை நான் சிறிதாக எண்ணவில்லை. இருந்தாலும் காரணம் தெரியாமல் ஒன்றைக் காரணமென்று மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டாம். சான்றிதழ் ஒன்று குறைந்திருக்கலாம், மூன்று வருட ஏற்றுமதி வரலாறு கேட்டிருக்கலாம். அதை அறிய வழி இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். தெரிவுக்கான அளவுகோல் என்ன, ஒவ்வொரு அளவுகோலுக்கும் உங்கள் விண்ணப்பம் பெற்ற புள்ளி என்ன, கடந்த மூன்று கண்காட்சிகளுக்கும் தெரிவானவர்கள் யார், அவர்களுக்குச் செலவிட்ட தொகை எவ்வளவு, பின்னர் கிடைத்த ஏற்றுமதிக் கட்டளைகள் பதிவாகியுள்ளனவா என்று கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் பெயர் குறித்த அலுவலருக்கும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். கடைசிக் கேள்வி உங்களுக்காக மட்டுமல்ல. அந்தச் செலவு பயன் தந்ததா என்று பொதுமக்கள் அறிய வேண்டிய கேள்வியும் அதுவே.

இம்முறையும் பாரபட்சமாக நிராகரித்தார்கள் என்று தெளிவான ஆதாரம் கிடைத்தால், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லும் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றை நாடலாம். அதற்கான காலம் ஒரு மாதந்தான். கடிதம் கிடைத்த நாளைக் குறித்து வையுங்கள். தகவல் விண்ணப்பத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து அந்த மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

நான் பார்த்த ஒரு கூடம்

சில வருடங்களுக்கு முன், உங்களைப் போலவே வாசனைத் திரவியம் விற்கும் என் கட்சிக்காரர் ஒருவருடன் ஐரோப்பியக் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். ஆறு அடி மேசை, பின்னால் ஒரு பதாகை, கண்ணாடித் தட்டில் கறுவாக் குழல்கள். வந்தவர்கள் ஒன்றை எடுத்து முறித்து மணந்து பார்த்து, முகம் மலர்ந்து, உடனே மூன்று கேள்வி கேட்டார்கள்: கந்தகம் எவ்வளவு, குறைந்தபட்சக் கட்டளை எவ்வளவு, ஹம்பர்க் துறைமுகம் வரைக்குமான விலை என்ன. அவரிடம் மூன்றுக்கும் பதில் இருக்கவில்லை. “ஊருக்குப் போய் அனுப்புகிறேன்” என்றார். ஐந்து நாளில் எழுபதுக்கு மேற்பட்ட விசிட்டிங் கார்டுகள் சேர்ந்தன. அவற்றை இறப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். கறுவாக் காலம் உச்சத்திலிருந்தபடியால் மூன்று மாதம் அந்தக் கட்டு மேசை லாச்சிக்குள்ளேயே இருந்தது. பிறகு எழுதியபோது இருவர் பதில் போட்டார்கள். ஒருவர் வேறிடத்தில் வாங்கிவிட்டதாகச் சொன்னார். அரசு கொடுத்த பாதிப் பணமும் அவர் போட்ட பாதிப் பணமும் அந்த லாச்சிக்குள் போய்விட்டன. அந்த மனிதர் சோம்பேறியல்ல, காலையில் ஐந்து மணிக்குக் கடை திறப்பவர். போவதற்கு முன் செய்ய வேண்டியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

உறுதியும் கடனும்

இந்தக் கண்காட்சிக்காக உங்கள் தாயாரின் உறுதியை வைக்க வேண்டாம் என்பதே என் தெளிவான ஆலோசனை. முதல் கண்காட்சியில் கட்டளை கிடைப்பது அரிது. கொள்வனவாளர்கள் இரண்டாவது தடவையும் உங்களை அதே இடத்தில் கண்டால்தான் நம்பத் தொடங்குவார்கள். அரசு ஏற்பது இடக் கட்டணத்தில் பாதியை மட்டுமே. விமானச் சீட்டு, தங்குமிடம், மாதிரி அனுப்புதல், திரும்பி வந்தபின் ஆறு மாதம் தொடர்பு பேணுதல் எல்லாம் உங்கள் தலையில். வங்கி முதல் மாதத்திலிருந்தே வட்டி கேட்கும். கொலோனிலிருந்து வரக்கூடிய பணம் ஒரு வருடம் கழித்து வந்தாலே நல்ல வேகம்.

முதலில் கறுவாவையும் மிளகையும் ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் போன்ற இடங்களில் பரிசோதிக்கலாம். பூஞ்சணம் பிடிக்காதிருக்கக் கறுவாவுக்குக் கந்தகப் புகை போடும் வழக்கம் உங்களுக்குக் கறுவா தருபவரிடமும் இருக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கந்தக ஈரொட்சைட்டின் எல்லை கிலோவுக்கு 150 மில்லிகிராம். மிளகில் பூஞ்சணம் உண்டாக்கும் அப்லாடொக்சின் என்ற நஞ்சையும் பார்ப்பார்கள். அறிக்கை சரியாக வந்தபின், அதே அரச நிறுவனங்கள் கொழும்பில் நடத்தும் பயிற்சிகளுக்கும் கொள்வனவாளர் சந்திப்புகளுக்கும் போங்கள். அவற்றுக்குச் செலவு குறைவு. கொலம்பிய ஆய்வு சொன்ன தொடர் உதவி என்பது இதுதான்: கண்காட்சி கடைசிப் படி, முதற்படியல்ல. அதற்கிடையில் இடம் கிடைத்துவிட்டால், இன்னும் இரண்டு சிறு உற்பத்தியாளருடன் ஒரே மேசையைப் பகிர அனுமதி கேளுங்கள். கடன் எடுக்கத்தான் வேண்டுமென்றால், வீட்டைத் தொடாமல், தொழிலின் கையிருப்பையும் வரவேண்டிய பணத்தையும் வைத்து எடுக்கக்கூடிய அளவோடு நிறுத்துங்கள்.

புதிய கொள்வனவாளருக்குக் கடனுக்கு அனுப்புவதானால் 1978இல் அமைந்த இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை முன்கூட்டியே அணுகுங்கள். பணம் வராமல் போகும் ஆபத்தில் ஒரு பகுதியை அது ஏற்கும்.

ரொறொன்ரோ விற்பனைப் பணம் மைத்துனரின் கணக்கிலேயே கிடப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே சரிசெய்யுங்கள். ஏற்றுமதி வருமானத்தைப் பொருள் அனுப்பிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் இலங்கைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மத்திய வங்கி விதித்திருக்கிறது. தற்போதைய நடைமுறையை உங்கள் வங்கிக் கிளையில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போது ஏற்றுமதி வரலாறாகக் காட்டக்கூடியதும் வங்கி ஊடாக வந்த பணத்தைத்தான். சென்ற தடவை உங்கள் விண்ணப்பம் தவறியதற்குக் காரணம் இதுவாகவே இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

தாயார் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் தயாராக இருப்பது அவருடைய அன்பு. உறுதி இப்போதைக்கு வெள்ளவத்தை அலுமாரியிலேயே இருக்கட்டும். ஆய்வுகூட அறிக்கையும் தகவல் விண்ணப்பத்துக்கான பதிலும் கைக்கு வந்ததும் இரண்டின் பிரதிகளையும் எனக்கு அனுப்புங்கள். அவற்றைப் பார்த்தபின் விண்ணப்பப் படிவத்தை வரி வரியாகச் சேர்ந்து நிரப்புவோம்.